பப்பாளித் தண்டு ஊதியவர்கள்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று மகள் பப்பாளித் தண்டில் சோப்புக் குமிழி ஊதியதைப் பார்த்ததும், குன்றாண்டார்கோவில் பக்கம் இப்போது வெறும் பள்ளமாகிவிட்ட எங்கள் கல்பாறை நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளில் அங்கே பாறையில் வெடி வைக்கத் துளைத்த குழிகளில் சேரும் தூளை இதே தண்டால்தான் ஊதி வெளியேற்றினார்கள். கண்மாயில் அதிக நேரம் முங்கிக் கிடப்பவருக்கே அந்த வேலை. அப்படித்தான் அப்பாவுக்குக் கிடைத்தது. வெள்ளைத் தூள் முகத்தில் அடிக்க அடிக்க, வருடத்துக்கு வருடம் அவர் மூச்சு குறுகியது. ஒருநாள் எவ்வளவு ஊதியும் தூள் எழவில்லை.

“என்ன மச்சான், மூச்ச எங்கிட்டு வச்சுட்டு வந்தீங்க?” என்று கூட வேலை செய்தவர் சிரித்தார்.

“எல்லாம் இந்தக் குழிக்குள்ளதான்யா கெடக்கு,” என்றார் அப்பா.

மறுநாள் அவருக்குப் பதில் ஆள் எடுக்க, அண்ணனையும் வேறு நாலு பேரையும் கண்மாயில் முங்கவிட்டார்கள். கரையில் நின்ற அப்பா, “எந்திரிச்சிருடா, எந்திரிச்சிருடா” என்று முனகிக்கொண்டே இருந்தார். அண்ணன்தான் கடைசியாக எழுந்தான்.

எழுதி முடித்தது: 1989, ஆடி 9.