தபால்காரி வெலிச்கா அரங்கத்தை நிறைத்த கதை

எங்கள் நாடகக் குழுவில் இப்போது இருபத்தாறு பேர். போன கோடையில் மட்டும் நான்கு ஊர்களில் ஆடிவிட்டு வந்தோம். எல்லாம் தபால்காரி வெலிச்காவின் வேலை. அவளைப்போல ஒரு பிடிவாதக்காரியைப் பல்கேரியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பத்து வருஷத்துக்கு முன்னால், சும்மா கிடந்த ஊர்ப் படிப்பக அரங்கத்தை மேயர் ஒரு மரச்சாமான் கடைக்குக் கிடங்காகக் கொடுக்க இருந்தார். வெலிச்கா நேரே போய் அவர் மேசையைத் தட்டினாள்.

"அங்க நாங்க நாடகம் போடப்போறோம்."

"பாக்க யாரும்மா வருவா? அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம அரங்கத்த நெறச்சுக் காட்டு, சாவி ஒனக்கு. இல்லன்னா திங்கக்கெழம கட்டிலும் பீரோவும் வந்து எறங்கும்."

ஐந்து பேரைப் பிடித்தாள். பஸ் ஓட்டும் நான்தான் கதாநாயகன். என் அழகுக்காக என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். வேறு ஆள் சிக்கவில்லை என்பது அவள் கட்சி.

விளம்பரத்தில்தான் சொதப்பினாள். எங்கள் ஊரில் யாராவது செத்தால் கறுப்புக் கட்டத்துக்குள் படமும் பெயரும் போட்ட தாளை மரத்திலும் கதவிலும் ஒட்டுவோம். ஊருக்கே அதை அடித்துக் கொடுப்பவள் அவள்தான். கைப்பழக்கத்தில் அதே கறுப்புக் கட்டத்துக்குள் என் படம், 'ராதோய்' என்று என் பெயர், நாள், நேரம், இடம். அடியில் பொடி எழுத்தில் நாடகத்தின் பெயர். பொடி எழுத்தை எவன் படிப்பான்? சனிக்கிழமை சாயங்காலம் அதை ஒட்டிவிட்டு, தனிக்கட்டையான என்னை ஒத்திகை என்று அரங்கத்துக்குள் அடைத்தாள். என் போனையும் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் திரை விலகியபோது நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். எல்லோரும் கறுப்பு உடையில், கையில் பூவோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயைத் திறந்ததும் முன்வரிசையில் மிங்கா அத்தை அலறினாள்.

"அடப்பாவி, சாகலியா நீ! காலையிலேர்ந்து அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சுடா!"

பாதிப் பேர் கோபமாக எழுந்துவிட்டார்கள். மேயர் கதவோரம் சிரித்துக்கொண்டு நின்றார். வெலிச்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் மேடைக்கு ஓடி வந்தாள்.

"தப்பு என்னோடதுதான்! வந்தது வந்தீங்க, ஒக்காருங்க. மூணாவது காட்சியில இவன் சாவான். மிச்ச அழுகைய அப்ப அழுதுக்குங்க!"

பின்னால் யாரோ சிரிக்க, அரங்கமே குலுங்கியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் காட்சியில் நான் செத்தபோது மிங்கா அத்தை சத்தியமாக அழுதாள்.

முடிந்ததும் வரிசையாக மேடைக்கு வந்தார்கள். செத்தவர்களுக்குத்தான் நாங்கள் இரட்டைப்படையில் பூ வைப்போம்; உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படைதான். அதனால் ஒவ்வொருவரும் கொத்திலிருந்து ஒன்றை உருவிக் காதில் செருகிக்கொண்டு மீதியை வெலிச்காவிடம் கொடுத்தார்கள். பூக்குவியலில் அவள் முகமே தெரியவில்லை. கடைசியாக வந்த மேயரிடம் பூ இல்லை. சட்டைப்பையில் கைவிட்டு, அரங்கத்தின் சாவியை எடுத்து அந்தக் குவியலின் மேல் வைத்தார்.