காய்ந்த மண்ணில் மின்வேலி

காட்டோரச் சுற்றுலாக் கூடார முகாமில் எல்லாருக்கும் அவள் கரண்டு அக்கா. கரடி வராமலிருக்க முகாமைச் சுற்றிப் போட்டிருந்த மின்வேலி அவள் பொறுப்பு. கம்பியில் புல் படாமல் வெட்டுவாள், பேட்டரியைப் பார்ப்பாள். பொழுது சாய்ந்ததும், நிலத்தில் அடித்திருந்த எர்த் கம்பியைச் சுற்றிக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவாள்.

"ஏங்க்கா, தண்ணி ஊத்தினா கம்பி துளிர்க்குமா?" என்று சமையல்காரர் கேட்காத நாளில்லை.

"துளிர்த்தா மொத பூ உங்களுக்குத்தாண்ணே. மண்ணு காஞ்சா வேலி ஷாக் அடிக்காது."

குட்டியோடு திரிந்த ஒரு தாய்க்கரடி குப்பைத் தொட்டியைக் கிளறிப் போன பிறகுதான் வேலியே வந்தது. இன்னொரு தடவை உள்ளே வந்தால் சுட்டுவிடுவார்கள் என்று வனக்காவலர் சொல்லியிருந்தார். புதுக் கம்பியில் மூக்கை வைத்துவிட்டு அது அலறியடித்து ஓடியதை அவள் பார்த்தாள். பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

கோடை முற்றியது. தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

"வந்தவங்க குளிக்கவே பத்தல, கம்பிக்குக் குளியலா?" என்றார் முதலாளி. "ஒரு நாள் ஊத்தாட்டி என்ன குடியா முழுகிடும்?"

தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். சுர்ரென்று உறிஞ்சிவிட்டு, மண் பழையபடி வெளுத்துக் கிடந்தது.

விடிந்தபோது சமையல் கூடாரம் கிழிந்து தொங்கியது. மாவெல்லாம் இறைந்து, அதில் பெரிய பாதமும் சின்னப் பாதமும் பதிந்திருந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைந்த கம்பியில் கறுப்பு முடி ஒட்டியிருந்தது.

வனக்காவலர் துப்பாக்கியோடு வந்தார்.

"அதும்மேல தப்பில்லீங்க. எர்த்து காஞ்சுபோச்சு. தண்ணி ஊத்திட்டா இன்னொரு தடவை வராது."

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ருசி கண்டுருச்சே. மேலேயிருந்து உத்தரவு வந்தாச்சு."

"குட்டி?"

"அதுக்குக் கூண்டு வருது." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இருட்டுறதுக்குள்ள வேலிய அணைச்சிரும்மா, லேசா ஷாக் அடிச்சாலும் மிரண்டு ஓடிரும். அது உள்ள வந்தாத்தான் குறி பார்க்க முடியும்."

"நான் மாட்டேங்க."

"நீ மாட்டேன்னா நான் அணைக்கப் போறேன். அவ்வளவுதானே?"

முதலாளி அவளைப் பார்த்தார். சமையல்காரர் கிழிந்த துணியை மடிப்பதுபோல் குனிந்துகொண்டார். பேட்டரிப் பெட்டியின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுத்து வனக்காவலரின் கையில் வைத்தாள்.

"சிவப்பு சுவிட்சுங்க," என்றாள். "கீழ அழுத்தணும்."