அபாயம் இல்லை என்று எழுதிய பெட்டி

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. செய்மதி, விமானம், இராணுவத் தளபாடம் என்று மேலே போகிற எதை எடுத்தாலும், பற்றரிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவில் ஒரு சிறிய பலகை இருக்கும். பற்றரி தருகிற மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது நின்றால் எல்லாம் நிற்கும். மேலே ஏறிப்போய்த் திருத்த ஆள் கிடையாது. ஆகவே நிற்காத மாதிரிச் செய்ய வேண்டும். நான் படித்தது இதைத்தான். அம்மா கேட்கிறவர்களுக்கெல்லாம் "பிள்ளைக்குக் கறண்ட் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அயலில் பழுதான மின்விசிறிகள் எல்லாம் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேருகின்றன.

இந்தத் தொழிலுக்குச் சில பழக்கங்கள் உண்டு. நூறு தாங்கும் உறுப்பில் ஐம்பதுக்கு மேல் ஏற்றமாட்டோம். முக்கியமான வழி எதுவானாலும் இரண்டாக வைப்போம், ஒன்று போனால் மற்றது பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, "நூறு வீதம்" என்று வாயால் சொல்லமாட்டோம். தொண்ணூற்றொன்பது போட்டு, புள்ளி வைத்து, அதற்குப் பிறகு எத்தனை ஒன்பது வேண்டுமானாலும் எழுதலாம். நூறு என்று சொன்னவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்கிற இடத்தில் செய்மதி இல்லை. செய்மதி வாங்கக்கூடிய யாரும் எங்களைத் தேடி வந்ததும் இல்லை. ஆகவே நான் செய்த பலகையை ஒரு பெட்டிக்குள் பூட்டி, பெரிய பலூன் ஒன்றில் கட்டி மேலே அனுப்பினோம். அங்கே உள்ள குளிரைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழும்போது உடையாமலிருக்கச் செம்மஞ்சள் பரசூட். கண்டுபிடிக்க வசதியாக விட்டுவிட்டு மின்னும் சிவப்பு வெளிச்சம், விட்டுவிட்டுக் கத்தும் ஒலி. குலுக்கத்தில் தானாக நின்றுவிடக் கூடாது என்று, நிறுத்துகிற ஆளியைப் பெட்டிக்குள்ளே வைத்து, ஆணிகளைப் பசை போட்டு இறுக்கினேன். காண்கிறவர்கள் பயப்படக் கூடாது என்று பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் "அபாயம் இல்லை" என்று ஒட்டினேன். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் என் தொலைபேசி இலக்கம்.

அனுமதி தரவேண்டிய எல்லோரிடமும் அனுமதி எடுத்தோம். காற்றிடம் மட்டும் கேட்கவில்லை. பளைப் பக்கத்தில் ஏற்றிய பலூன், கிளிநொச்சியில் நாங்கள் பார்த்து வைத்திருந்த வெட்டை வெளியைத் திரும்பியும் பார்க்காமல் தெற்கே போனது. ஒட்டுசுட்டானைத் தாண்டியதோடு, இடம் காட்டும் அதன் சமிக்ஞையும் எங்களுக்கு எட்டாமல் போனது.

அடுத்த நாள் காலையில் எங்கள் வான் சாரதிக்கு ஒட்டுசுட்டானில் இருக்கிற மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், அங்க ஒரு வயலுக்கை வானத்தால குண்டு விழுந்து கிடக்குதாம். கத்துதாம்."

"கத்துதோ?"

"ஓம். எங்கட சாமானும் கத்தும் எல்லே?"

போய்ச் சேர்ந்தபோது காட்டோரம் இருந்த அந்த வயலில் நெல் நன்றாக விளைந்து சாய்ந்து நின்றது. ஊர்ச்சனம் வீதியில் நின்றது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வயலின் நடுவில் பரசூட் விரிந்து கிடந்தது. அதைச் சுற்றி, கிட்டப் போகாமலே, நுனியில் சிவப்புச் சாயம் பூசிய தடிகளை யாரோ நட்டிருந்தார்கள். மிதிவெடி கிடக்கிற இடத்தைக் காட்ட நடுகிற அந்தத் தடிகள் இன்னும் எல்லோர் வீட்டுக் கூரை இறப்பிலும் செருகிக் கிடக்கின்றன போலும். பெட்டி ஒழுங்காக மின்னி, ஒழுங்காகக் கத்திக்கொண்டிருந்தது. பலகை குளிரைத் தாங்கிவிட்டது. எனக்குச் சந்தோசம். அதை முகத்தில் காட்டக்கூடிய இடமாக அது இருக்கவில்லை.

தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த காலடியிலேயே திரும்பிப் போ. இதுதான் எங்கள் பள்ளிக்கூடங்களில் கணிதத்துக்கு முன்னால் படிப்பித்த பாடம். நானும் அதில் நல்ல புள்ளி எடுத்தவள். பிறகு படித்து ஆளாகி, வயர் தெரிகிற, மின்னுகிற, கத்துகிற, பரசூட்டில் இறங்குகிற பெட்டி ஒன்றைச் செய்து வன்னியின் மேலே விட்டிருக்கிறேன். இது வேறு எந்த ஊர் ஆளுக்கும் வரக்கூடிய பிழைதான். எனக்கு வந்திருக்கக் கூடாது.

பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலையில் நின்ற குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அதன் பொறுப்பாளர் என் வயதுப் பெண். தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கூடவே ஒரு பொலிஸ்காரர். நான் கைத்தொலைபேசியில் பெட்டியின் படத்தைக் காட்டி, இது என்னுடையது என்றேன். பொலிஸ்காரர் படத்தை நன்றாகப் பார்த்தார்.

"படத்திலயும் குண்டு மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

"அதிலை அபாயம் இல்லை எண்டு பெரிசா எழுதிக் கிடக்கு."

"அதைப் பாத்துத்தான் சனம் கூடப் பயந்தது. அபாயம் இல்லாத சாமானிலை ஆர் அப்பிடி எழுதுறது?" என்றார் பொறுப்பாளர். "எங்களுக்கு இதிலை கைவைக்க அனுமதி இல்லை. குண்டு செயலிழக்கச் செய்யிற ஆக்கள் நாளைக்கு வருவினம். வந்தால், கிடக்கிற இடத்திலையே வெடிக்க வைப்பினம்."

அப்போதுதான் வயல்காரி பேசினார். அதுவரை அவர் வரம்பில் குந்தியிருந்து நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தும் பேச்சு மட்டும் மலையிலேயே இருந்தது.

"நெல்லு காஞ்சு கெடக்குங்க. வெடி வச்சா பத்திக்கும். மெசின்காரன் இன்னிக்கு மட்டுந்தான் நிப்பேங்கிறான். நாளைக்கு நெடுங்கேணிக்குப் போயிருவான். மேல பாருங்க."

மேலே பார்த்தோம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெட்டு மெசின் வீதியோரம் நிற்க, அதன் சாரதி சக்கரத்தின் மேல் இருந்து பீடி குடித்தார். சாய்ந்த நெல்லில் ஒரு மழை விழுந்தால் முளைத்துவிடும். ஒரு போகம் முழுவதும் என் பெட்டிக்காக அந்த வயலில் காத்துக்கிடந்தது.

"நானே போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

பொலிஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது வெடிக்காது எண்டு நூறு வீதம் நிச்சயமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதற்குள்ளே வெடிக்கக்கூடியது எதுவும் இல்லை என்று அந்த வயலில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் வாய் பழகியது வேறு.

"நூறு எண்டு நாங்கள் சொல்லுறேல்லை" என்றேன். "பற்றரி அடிபட்டு நசுங்கியிருந்தால் சூடாகிப் புகைக்கலாம். அதுக்கு வாய்ப்பு மெத்தக் குறைவு. தொண்ணூற்றொன்பது தசம்..."

எங்கள் வான் சாரதி நெற்றியில் கைவைத்தார். பொறுப்பாளர் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினார். பொலிஸ்காரர் "அப்ப ஏலாது" என்றார். வீதியில் நின்ற சனம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனது.

வயல்காரி எழுந்து சீலையைத் தட்டிவிட்டார்.

"மிஸ்ஸ போக விடுங்க."

"அக்கா, அவவே நூறு எண்டு சொல்லுறா இல்லை" என்றார் பொறுப்பாளர்.

"அதுக்காகத்தாங்க சொல்றேன். சண்ட முடிஞ்சு நாங்க திரும்பி வந்தப்ப ஒரு பெரிய மனுசன் மேடை போட்டு, நூறு வீதம் பயமில்லாம வயல்ல எறங்குங்கன்னாரு. எங்க வீட்டுக்காரரு மறுநாளே மம்பெட்டியோட எறங்கினாரு. ஒரு காலு போச்சு. அதுக்கப்பறம் அவரு இந்த வயல்ல கால வச்சதில்ல. நூறுன்னு சொல்லாத ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பொறுப்பாளர் தரையைப் பார்த்தார். பொலிஸ்காரருக்குத் தொலைபேசி வந்தது. மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

நான் வரம்பிலிருந்து இறங்கினேன். ஆண்டுதோறும் உழுது விதைக்கிற நிலம். அதிலே இனி ஒன்றும் இருக்காது என்று அறிவு சொன்னது. கால் கேட்கவில்லை. பெட்டியில் எனக்குப் பயமே இருக்கவில்லை, அது நான் செய்தது. நிலம் நான் செய்ததில்லை. பின்னால் நெல் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வயல்காரி வந்துகொண்டிருந்தார். நான் வைத்த அடியிலேயே தன் அடியை வைத்து, கவனமாக.

"நீங்கள் நில்லுங்கோ அக்கா."

"ஒத்தையில போகக் கூடாதுங்க."

அதற்குப் பிறகு நான் அடிகளைக் கிட்டக்கிட்ட வைத்தேன், அவர் எட்டி வைக்கத் தேவையில்லாமல்.

பெட்டியில் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. பற்றரி குளிர்ந்துதான் கிடந்தது. தூக்கினேன். அவர் பரசூட்டைச் சுருட்டிக்கொண்டு, பெட்டியையும் தாங்க என்று கையை நீட்டினார். கொடுத்தேன். பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கிப் பார்த்தார்.

"கத்துறத நிப்பாட்டுங்களேன்."

"நிப்பாட்ட ஏலாது அக்கா. அப்பிடித்தான் செய்தனான்."

அவர் சிரித்தது அப்போதுதான். வரம்புக்கு ஏறியதும் தடிகளைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினார். மெசின் சாரதி பீடியை எறிந்துவிட்டு ஏறினார். முதல் வரிசை நெல் விழும்வரை நான் நின்று பார்த்தேன். கண் கலங்கியது. தூசி என்று எங்கள் வான் சாரதியிடம் சொன்னேன்.

புறப்படும்போது வயல்காரி வானுக்குக் கிட்ட வந்தார். "போற வழியில டியூப் ஒட்டுற கடை ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுக்காரரு. மெசின் எறங்கிருச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. வெட்டு நாள்ல அவரு போனே எடுக்கமாட்டாரு."

கடை முன்னால் அவர் சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தண்ணீர்ச் சட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பெட்டியோடு இறங்கியதும் சுற்றுவதை நிறுத்தினார். அபாயம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

"வயலிலை விழுந்தது இதுதான். என்ரை பெட்டி. மெசின் இறங்கிட்டுது எண்டு உங்கட வீட்டுக்காரி சொல்லச் சொன்னவா."

"அவ இதத் தொட்டாளா?"

"ஓம். கையிலை வாங்கிப் பாத்தவா."

அதற்குப் பிறகுதான் எழுந்து கிட்ட வந்தார். செயற்கைக் காலின் பட்டி எப்போதோ அறுந்திருக்க வேண்டும். பழைய டியூப் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே ஒட்டிக் கட்டியிருந்தார். பெட்டியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்ளோ ஒசரத்துலருந்து விழுந்தும் நிக்கலயா?"

"நிக்கக் கூடாது எண்டுதான் செய்தது."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். டியூப் கட்டின் மேல் விரலால் ஒரு தரம் தடவினார்.

"இதச் செஞ்சவங்க, நான் நடப்பேன்னு நெனைக்கல போல."

பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, காலில் இருந்த டியூப் கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். கடையைச் சாத்திவிட்டு வயல் பக்கம் நடந்தார்.