ஞாயிற்றுக்கிழமை ப்ரேக் கிடையாது

என் அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வண்டி நிறையப் பிள்ளைகள். ஒருவன் வாந்தி எடுப்பான், ஒருத்தி ஒற்றைச் செருப்போடு ஏறுவாள், பின்சீட்டில் இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். வேகம் கூடாதபடி இஞ்சினுக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டாது. வாசலுக்கு வாசல் ப்ரேக், வளைவுக்கு வளைவு ப்ரேக். இந்த அண்ணிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் பந்தயம் ஓட்டுகிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அவருடைய இடுப்பைப் பார்ப்பார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வரும். இடுப்பா வண்டி ஓட்டுகிறது?

நான் அவருக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் அண்ணியோடு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ தெரியாது. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வாரம் முழுக்க சலூனில் அடுத்தவர் தலைமுடியோடு மல்லுக்கு நிற்கிறேன், அது போதும். ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் பைக்குக்கு நான்தான் எடுபிடி. டயரில் காற்றுப் பார்ப்பது, ஹெல்மெட்டைத் துடைப்பது, முன்கண்ணாடியில் எண் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற அந்த மகானுக்குத் தன் பெண்டாட்டி ஓட்டுவதைப் பார்க்க மட்டும் தைரியம் கிடையாது. தவறாமல் வருவான். ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். சத்தம் அடங்கியதும், "முடிஞ்சிடுச்சா?" என்பான்.

எண் எழுதுவது என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். இரண்டிரண்டு பேராக நேர்கோட்டில் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் வண்டி புத்தம் புதிது, இன்னொருவர் வண்டி ஓட்டை உடைசல். அதனால் 'என் வண்டி இந்தத் தூரத்தை இத்தனை வினாடியில் கடக்கும்' என்று அவரவரே ஒரு எண்ணைச் சொல்லி, அதை வெள்ளை ஷூ பாலிஷால் முன்கண்ணாடியில் எழுதிக்கொள்ள வேண்டும். மெதுவான எண், அதாவது அதிக வினாடி, சொன்னவருக்கு வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். முதலில் கோட்டைத் தாண்டியவருக்கு வெற்றி, அவர் அடுத்த சுற்றுக்குப் போவார்; தோற்றவர் அத்தோடு வீட்டுக்கு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சொன்ன எண்ணைவிட வேகமாகப் போய்விட்டால் தோல்வி. ஆமாம், பந்தயத்தில் வேகமாகப் போனால் தோல்வி.

இப்படி ஒரு விதி இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பொய் சொல்வார்கள். மெதுவான எண்ணை எழுதிவிட்டு, பாதி வழியிலேயே எதிராளியைப் பிடித்துவிட்டு, கோட்டுக்குக் கிட்டே வந்ததும் ப்ரேக்கைத் தடவித் தடவி ஒரு முழம் முன்னால் போய்ச் சேருவார்கள். கேட்டால் சாமர்த்தியம் என்பார்கள். அண்ணி தலைகீழாக நின்றாலும் அதைச் செய்யமாட்டார்.

"வாரம் பூரா ப்ரேக் மேலதான் கால வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமையும் பிடிக்கணும்னா எனக்கெதுக்கு பைக்கு? பஸ்ஸையே கொண்டாந்து ஓட்டிட்டுப் போறேன்."

இந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில் நாங்கள் செய்த தப்பை வேறு எந்த விளையாட்டிலும் யாரும் செய்ய முடியாது. போன பருவம் கொளுத்துகிற வெயிலில் முடிந்தது. அன்று வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தையே அண்ணி சொன்னார், நானும் எழுதினேன். ஆனால் பருவம் தொடங்குகிற மாதத்தில் காலைக் காற்று ஜில்லென்று இருக்கும். குளிர்ந்த காற்றைக் குடித்தால் இஞ்சினுக்குத் தனித் தெம்பு வந்துவிடும். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான், இரண்டு பேருமே சுத்தமாக மறந்து போனோம். வண்டி சீறிக்கொண்டு போனது, எதிராளி எங்கேயோ பின்னால். நான் கைதட்டிக் குதித்துக்கொண்டிருக்கிறேன், வெற்றி விளக்கு எதிராளி பக்கம் எரிகிறது. "ஸ்கூல் பஸ் ரொம்ப வேகமா போயிடுச்சு. பிள்ளைங்கல்லாம் பத்திரமா இருக்காங்களா?" என்றான் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளன். ஸ்கூல் பஸ் என்பது அங்கே அண்ணிக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது பந்தயத்துக்கு உஷாராக வேகமான எண்ணை எழுதினோம். அன்றைக்கென்று பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மறுபடியும் முதல் சுற்றோடு நடையைக் கட்டினோம்.

டெம்போவில் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது கிளப் செயலாளர் வந்தார். பேச்சில் சர்க்கரை கொட்டும். ஆனால் வந்த காரியம் கசப்பு. ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து ஓட்டுகிற பொதுப்பிரிவில் இடம் கேட்டு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். முதல் மூன்று பந்தயங்களில் ஒரு சுற்றுகூட ஜெயிக்காதவர் இடத்தை விட்டுவிட வேண்டும் என்பது கிளப் விதி. அதை ஞாபகப்படுத்தத்தான் வந்திருந்தார்.

"நீங்க கவலைப்படாதீங்க மேடம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல லேடீஸ் ஷோ ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம். எண்ணு கிடையாது, ஜெயிக்கிறது தோக்கிறது கிடையாது. சும்மா ஜாலியா ஓட்டிக் காட்டினா போதும். அங்க உங்களுக்கு எப்பவும் இடம் உண்டு."

"யாரு பாப்பாங்க?" என்று கேட்டார் அண்ணி.

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே பாப்பாங்க."

அண்ணி பைக்கைக் கட்டிய கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எனக்கு இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருக்குல்ல சார்?"

"இருக்கு."

"அப்ப அதுக்கப்புறம் வந்து பேசுங்க."

திரும்பி வரும் வழியில் என் அண்ணன் மெல்ல வாயைத் திறந்தான். "அந்த ஷோவும் நல்லாத்தான் இருக்கும் போல. பத்திரமாவும் இருக்கும்." வண்டியை நிறுத்தி அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பேன், ஓட்டிக்கொண்டிருந்ததே அவன்தான் என்பதால் தப்பித்தான். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த ஒரு இடத்துலதாங்க ஆம்பளை பொம்பளைன்னு பாக்காம ஒரே விளக்கு எரியுது. அதையும் விட்டுட்டு, அவங்க சாப்பாட்டுக்குத் தொட்டுக்க நான் போகணுமா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எதற்கும் அழாத மனுஷி.

மூன்றாவது பந்தயத்தில் அண்ணிக்கு வந்து வாய்த்த எதிராளி யார் தெரியுமா? செயலாளரின் மச்சான். டயர் கடை வைத்திருப்பவர். பளபளவென்று புது பைக், ஜாக்கெட்டுக்கு மேலே தங்கச் சங்கிலி. மெதுவான எண்ணை எழுதிவிட்டுக் கடைசியில் ப்ரேக் பிடித்து ஜெயிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காலை ஒத்திகை ஓட்டத்தில் வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தை அண்ணி அப்படியே சொல்லி, எழுது என்றார். நான் பாலிஷ் புட்டியைத் திறக்கவில்லை.

"அண்ணி, ஒரு அரை வினாடி கூட்டி எழுதறேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவ ப்ரேக்கத் தொடுங்க. உங்க இடம் நின்னுடும்."

"ஓடினத எழுது."

"மேகம் மூடி காத்து குளுந்துச்சுன்னா மறுபடியும் வேகமா போய்த்தான் தோப்பீங்க. அப்புறம் சாப்பாட்டு ஷோதான். பரவால்லையா?"

"பரவால்லன்னு யாரு சொன்னா? ராத்திரியெல்லாம் தூங்கல நான்." அண்ணி கையுறையை இழுத்து மாட்டினார். "ஆனா பிடிச்சுப் பிடிச்சு அந்த இடத்தக் காப்பாத்தினேன்னு வையி, அப்புறம் வருஷம் பூரா பிடிச்சுக்கிட்டேதான் இருக்கணும். அதுக்கு எனக்கு அந்த இடமே வேணாம். எழுதுடி."

இந்த மனுஷியோடு யார் பேசுவது? சொன்ன எண்ணையே எழுதினேன்.

தொடக்கக் கோட்டில் டயர்க்கடை மச்சான் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். "நிஜத்தையே எழுதிட்டீங்களா மேடம்? சரி சரி, கடைசில பிடிச்சுடுவீங்க. அன்னைக்குப் பட்ட சூடு மறந்திருக்காதே." அண்ணி ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டார். என் அண்ணன் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொண்டான்.

அண்ணிக்குப் பச்சை முதலில் எரிந்தது. கிளம்பிய வேகத்தில் முன்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி இறங்கியது. சற்றுப் பின்னால் மச்சானுக்குப் பச்சை எரிய, அவர் துரத்த ஆரம்பித்தார். பாதி தூரத்திலேயே எட்டிப் பிடித்து முன்னால் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். அவருக்கோ இப்போது வேறு கவலை. இவ்வளவு சீக்கிரம் எட்டிப் பிடித்தாயிற்று என்றால், இப்படியே போனால் எழுதிய எண்ணைத் தாண்டிவிடுவோம். திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வருகிறவளும் எப்படியும் பிடிப்பாள், உலகத்தில் எல்லோரும் பிடிப்பார்கள் என்கிற நம்பிக்கையில் ப்ரேக்கைப் பிடித்தார்.

அண்ணி பிடிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகியபடி அவரைத் தாண்டிக் கோட்டைக் கடந்துவிட்டார்.

ஆனாலும் எனக்குக் குதிக்கத் தைரியம் வரவில்லை. முதலில் போனது போதாது, எழுதிய எண்ணைத் தாண்டாமல் போயிருக்க வேண்டும். எண் வருகிற பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது. எழுதியதைவிட நூலிழை மெதுவாகத்தான் போயிருந்தார். வெற்றி விளக்கு எங்கள் பக்கம் எரிந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றான் என் அண்ணன், திரும்பாமலே.

"திரும்பித் தொலை. உன் பொண்டாட்டி ஜெயிச்சிட்டா." என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் பேச்சில் சர்க்கரை குறையவில்லை.

"வாழ்த்துகள் மேடம். உங்க இடம் உங்களுக்கே. ஒரே ஒரு சங்கடம். லேடீஸ் ஷோன்னு அறிவிச்சுட்டோம், ஒரு ஆள் குறையுது. சாப்பாட்டு நேரத்துல நீங்க சும்மா ஒரு தடவ ஓட்டிக் காட்டினீங்கன்னா..."

"எனக்கு ரெண்டாவது சுற்று இருக்கு சார், இஞ்சின் ஆறணும்," என்றார் அண்ணி. "உங்க மச்சான் இப்ப சும்மாதானே இருக்காரு, அவர ஓட்டச் சொல்லுங்க. ப்ரேக்கெல்லாம் நல்லா பிடிக்கிறாரு."

இரண்டாவது சுற்றில் நான் பயந்தபடியே மேகம் மூடியது. இந்த முறையாவது பிடிங்க என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? முதலில் போய், வேகமாகப் போய், தோற்றார். ஒலிபெருக்கிக்காரன் பிள்ளைகளைப் பற்றி மறுபடியும் விசாரித்தான். அண்ணி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்துக் கொட்டியது, சிரித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் வாழ்நாளில் ஓட்டியதிலேயே அதுதான் அதிக வேகம். "ஆனா தோத்துட்டீங்க அண்ணி."

"தெரியும். போயி அடுத்த பந்தயத்துக்கு என் பேரக் குடுத்துட்டு வா. அதே பிரிவுல."