இருமல் மருந்து அட்டை

இரண்டாயிரங்களில் நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. தரமில்லாத மருந்துகளைப் பற்றி உலகப் பத்திரிகைகளில் வரும் செய்திகளைத் திரட்டும் ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு, தமிழ்ச் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதி மெயில் அனுப்புவேன்.

ஒருநாள் ஓர் இருமல் மருந்து சோதனையில் தேறவில்லை என்று பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. படத்தில் இருந்தது நாங்கள் அடித்துக் கொடுத்த சிவப்பு அட்டைப்பெட்டி! பதறிப்போய் முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"செவப்பக் கெடுத்துட்டானே பேப்பர்காரன்! நம்ம அடிச்சது எம்புட்டுப் பளிச்சுன்னு இருந்துச்சு!"

"மொதலாளி, மருந்து சரியில்லையாம்."

"அட்டையப் பத்தி ஏதும் எழுதியிருக்கானா?"

"இல்ல."

"பெறகு என்னலே?"

செய்தியைக் கத்தரித்து, ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி ஆல்பத்தில் ஒட்டிவிட்டார். எரிச்சலில் கத்தப்போனேன், இருமல்தான் வந்தது.

உடனே மேசை டிராயரைத் திறந்தார். பெட்டி அளவு பார்ப்பதற்காக அந்தக் கம்பெனி கொடுத்திருந்த மருந்து பாட்டிலை, அட்டைப்பெட்டியோடு என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு மூடி குடிலே, கேக்கும்."

சிவப்பு உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. என் இருமல் அந்த நொடியே நின்றுவிட்டது.