பொன்னி மகள் என் முட்டியைத் தொட்ட நாள்

ஆங்கிரச வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நண்பகல், என்னை எடுத்துக்கொள் என்று முருகனிடம் கேட்டேன். சஷ்டிதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற உங்களுக்குக்கூட இது தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தது. இனிமேல் மறைத்தால் அவன் செய்த உதவியையும் சேர்த்து மறைத்ததாகிவிடும். அதனால் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் தம்பி எழுதுகிறான்.

நான் வேலாத்தாள். பெருமாட்டி ஊருக்குக் கிழக்கே எங்களுக்குத் தென்னந்தோப்பும் நெல்வயலும் உண்டு. அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அதற்கு மூன்று வருஷம் முன்பே இரண்டு முட்டியும் வலிக்கத் தொடங்கிவிட்டன. முதலில் காலையில் எழுந்ததும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். பிறகு விடவில்லை. குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. நடந்தால் முட்டிக்குள் மணல் அரைபடுவது போல நறநறவென்று சத்தம் கேட்கும். வலது முட்டி வீங்கி, கால் வெளிப்பக்கம் வளைந்துவிட்டது. பழநிக்குக் காவடிக் கூட்டத்தோடு நடந்து போனவள் நான். கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

எண்ணெய் போட்டோம். பற்றுப் போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. ஆடி மாதம் வெளியூர் வைத்தியர் ஒருவர் வந்தார். சூடு போட்டால் வாதம் இறங்கிவிடும் என்றார். பழுக்கக் காய்ச்சிய கம்பியை இரண்டு முட்டியிலும் மும்மூன்று இடத்தில் வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சரவணபவ சொன்னேன். வாதம் இறங்கவில்லை, புண்தான் வந்தது. பத்து நாளில் சீழ் பிடித்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் என்னை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டாக்டர் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். முட்டிக்குள் எலும்பு தேய்ந்துவிட்டது, அதைப் புதிதாக்க மருந்து கிடையாது. புண்ணையாவது ஆற்றவேண்டும், தினமும் கழுவிக் கட்டவேண்டும், இல்லையென்றால் காலே போய்விடும் என்றார். உங்கள் பக்கமே நர்சு ஒருத்தி வருகிறாள், அவளை அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் தகரப்பெட்டி. வெளிவாசலிலேயே நின்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ பொன்னி மகதான?"

"ஆமாங்க. ரூத்துங்க. ஆஸ்பத்திரில இருந்து வர்றனுங்க."

பொன்னி எங்கள் வயலில் நாற்று நட்ட பண்ணையாள். இந்தப் பெண்ணை எட்டு வயதில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டார்கள். அங்கேயே கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, நர்சு வேலை படித்துத் திரும்பி வந்திருக்கிறாள். இது எதுவும் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் பிறந்த சேரிதான் பெரிதாகப் பட்டது. அந்தச் சேரி ஆட்கள் எங்கள் வாசல் தாண்டி வந்ததே இல்லை. நான் கட்டிலில் படுத்தபடியே கத்தினேன்.

"மருந்த அங்கயே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. அவ தொட்டு எனக்கு ஒண்ணும் ஆகோண்டாம்."

அவள் பெட்டியைத் திறந்து பஞ்சும் களிம்பும் எடுத்துச் சுவர்மேல் வைத்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கழுவவேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாணி தெளித்து வாசலைக் கழுவச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

எங்களுக்குக் கட்டத் தெரியவில்லை. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தால் இரத்தம். காய்ச்சலும் வந்தது. இப்படி எட்டு நாள் போயிற்று.

ஒன்பதாம் நாள் வயலில் களையெடுப்பு. வீட்டில் ஒருவரும் இல்லை. உச்சிப்பொழுதில் எனக்கு ஒதுங்கவேண்டியிருந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கட்டிலைப் பிடித்து எழுந்தேன். நாலாவது எட்டில் வலது முட்டி மடங்கியது. முற்றத்தில் விழுந்தேன். எழ முடியவில்லை. சேலையெல்லாம் நனைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், என் வீட்டு முற்றத்தில், குழந்தை மாதிரிக் கிடந்தேன். ஈ மொய்த்தது.

அப்போதுதான் அழுதேன். "முருகா, காலைக் குடு. இல்லீனா என்னைய எடுத்துக்க. ரெண்டும் இல்லீனா ஆரையாவது அனுப்பு" என்று வாய்விட்டுக் கதறினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. தொண்டை வற்றிப் போயிற்று.

வெளிவாசலில் குரல் கேட்டது.

"அம்மாங்க? என்னுங்க ஆச்சு?"

அவள்தான். சேரியில் பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்த்துவிட்டு அந்த வழியாகத் திரும்பியவள் என் அழுகையைக் கேட்டிருக்கிறாள். வாசலுக்கு வெளியே நின்றபடி என்னைப் பார்த்தாள். ஓடி வந்துவிடவில்லை. கேட்டாள்.

"உள்ள வரட்டுங்களா?"

அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். யாரையாவது அனுப்பு என்று கேட்டேன். அனுப்பிவிட்டான். இவளை அனுப்பியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வா, சாமி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் முட்டிக்கு இன்னும் கேடு என்று பிறகுதான் சொன்னாள். முதலில் என்னைத் திருப்பி உட்கார வைத்தாள். பின்னால் ஒரு மணையைப் போட்டு, இடுப்பை அணைத்து அதன்மேல் ஏற்றினாள். பிறகு முக்காலி, அதிலிருந்து கட்டில். படி ஏறுவது போல ஏற்றிவிட்டாள். தண்ணீர் கொண்டு வந்து என்னைக் கழுவினாள். வேறு சேலை கட்டிவிட்டாள். முகத்தைச் சுளிக்கவில்லை. அதைவிடப் பெரிது, ஆறுதல் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லி என்னைக் கூசவைக்கவில்லை. ஒட்டியிருந்த துணியை வெந்நீரில் ஊறவைத்து, நூல் நூலாக எடுத்தாள். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் வலிக்காமல் கட்டு மாறியது.

வீட்டுக்காரர் பொழுதுசாய வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் காலில் இருந்த புதுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வரச் சொன்னயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே வெளிவாசலைத் திறந்து வைத்துவிட்டு வயலுக்குப் போனார். உறவில் பேச்சு கிளம்பியது. ஒரு கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவில்லை. அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

புரட்டாசி முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. இனிமேல் வரமாட்டாளோ என்று பயந்தேன். அவள், இப்போதுதான் முட்டியைப் பார்க்கவேண்டும் என்றாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தன் புறங்கையில் சூடு பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். ஆசாரியை வரவழைத்து என் கட்டில் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினாள். நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட பலகையை நாலு கால்மேல் பொருத்தச் சொன்னாள். ஆசாரி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதைப் புறக்கடையில் மறைவாகப் போட்ட நாளிலிருந்து ஒதுங்குவதற்கு நான் யார் தயவையும் எதிர்பார்க்கவில்லை. கால் கிடைத்ததைவிட அதற்காக நான் அதிகம் கும்பிட்டிருக்கிறேன்.

பிறகு பயிற்சி. காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துணியை வைத்து, அதைக் கீழே அமுக்கிப் பிடிக்கவேண்டும். பத்து எண்ணும்வரை விடக்கூடாது.

"வலியில எண்ணிக்கை தப்பிப் போகுதே, அம்மணி."

"உங்க சாமி பேரச் சொல்லுங்க. சரவணபவ, சரவணபவன்னு நிதானமா ரெண்டு தடவை சொன்னாப் போதுமுங்க."

அவள் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் என் சாமி பேரைச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இத்தன பண்ணியும் வலி போகலியே. முட்டி எப்ப நேராகும்?" என்று சீறினேன்.

"ஆகாதுங்க" என்றாள். "தேஞ்சது தேஞ்சதுதானுங்க. பொய் சொல்லி உங்கள ஏமாத்த மாட்டனுங்க. ஆனா தொடைச் சதை கெட்டியாச்சுன்னா முட்டிப் பாரத்த அது தாங்கிக்கும். வலியோடவே நடக்கலாமுங்க. விழ மாட்டீங்க."

அன்று முருகன்மேல் எனக்குக் கோபம். காலைக் கேட்டேனே, இதுதானா நீ கொடுத்தது என்று சுவரில் இருந்த அவன் படத்தைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தேன். மறுநாள் காலையில் அவள் வந்து துணியைச் சுருட்டி வைத்தாள். நானும் அமுக்கினேன். வேறென்ன செய்வது?

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், எதையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன். மார்கழியில், நோவு குறைந்த இடதுகைப் பக்கம் கோல் ஊன்றிக் கிணற்றடிவரை போனேன். ஒரு குடம் தண்ணீர் சேந்தி என் தலையில் நானே ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அன்று ரூத்து வந்தபோது, நெடுநாளாக நெஞ்சை அறுத்ததைக் கேட்டேன்.

"ஏம்புள்ள, அன்னைக்கு உன்னைய வெரட்டுனனே. அப்பறமும் எதுக்கு வந்த?"

அவள் உப்பு முடிச்சைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாளுக்கும் இதே நோவுங்க. சேத்துல நின்னு நின்னு முட்டி போச்சு. கடைசி ரெண்டு வருசம் தவந்துதான் நடமாடுச்சுங்க. நான் படிப்புல இருந்தேன். வந்து பாக்கறதுக்குள்ள மண்ணுல வெச்சுட்டாங்க. நீங்க முத்தத்துல கெடந்தப்ப எனக்கு அதுதானுங்க தெரிஞ்சுது."

பொன்னி வயல் வரப்பில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். எல்லாருக்கும் பின்னால் தங்கிவிடுவாள். நாற்று நடத் தெம்பில்லாதவளுக்குக் கூலி எதற்கு என்று ஏசியவள் நான். அவளுக்கு முட்டி வலிக்குமென்று என் நினைப்பில் ஒருநாளும் வந்ததில்லை.

"உங்கொம்மாள நான் நொம்பப் பேசியிருக்கறேன், கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். என் காலை எடுத்து மடியில் வைத்து ஒத்தடத்தைத் தொடர்ந்தாள். நான் விசும்பி அழுதேன். அன்று மதியம் அவளை வீட்டுக்குள் உட்கார வைத்து நானே சோறு போட்டேன். அவள் தயங்கினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அந்தத் தைப்பூசத்துக்கு வண்டியில் பழநி போனேன். மலையேறவில்லை. ஏறக்கூடாது என்று ரூத்து சொல்லியிருந்தாள். அடிவாரத்தில் கோலோடு நின்று மேலே பார்த்துக் கும்பிட்டேன். புது முட்டி கேட்கவில்லை. செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது ஸ்ரீமுக வருஷம். வலி இருக்கிறது. மழைக்காலத்தில் கூடும். ஆனால் விழவில்லை. எங்கள் வயலில் முட்டி நோவுள்ளவர்களைச் சேற்றில் இறக்குவதில்லை. விதை பொறுக்க, களம் பார்க்க உட்கார்ந்த வேலை, அதே கூலி. அந்த ஓட்டைப் பலகையில் இன்னும் நாலு செய்து சேரிக்குக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமைகளில் ரூத்து அங்கே போகும்போது நானும் போகிறேன். போன வாரம் கருப்பாயி என்ற கிழவியின் முட்டிக்கு நான் ஒத்தடம் வைத்தேன். சூட்டை முதலில் என் புறங்கையில் பார்த்துக்கொண்டேன். அவள் பயந்து காலை இழுத்தாள். "நீங்க தொடலாமுங்களா?" என்றாள். "தொடத்தான் வந்தேன்" என்றேன்.

என் உடன்பிறந்தவர்களே, முருகன் கேட்காமல் இருப்பதில்லை. கால் முடங்கிக் கிடக்கிறவர்களே, மனம் முடங்கிக் கிடக்கிறவர்களே, வாய்விட்டு அவனைக் கூப்பிடுங்கள். நீங்கள் நினைத்த ஆளை அவன் அனுப்பாமல் போகலாம். வந்தவரை உள்ளே அழையுங்கள். வேலாத்தாள் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்.