கானலுக்குள் போன மதினி

மலாயாவுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அமினா வேலியோரம் நின்று, "மாக்கான் ஆங்கின்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மாக்கான் என்றால் சாப்பிடுவது, ஆங்கின் என்றால் காற்று என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். காற்றைத் தின்றாயா என்று ஒருத்தி கேட்டால் என்ன சொல்வது? எங்கள் கோவில்பட்டிப் பக்கம் காற்றுதான் பேயாக வந்து மனிதரைப் பிடிக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வந்துதான், பக்கத்தில் எங்காவது உல்லாசமாகப் போய்வருவதற்கு இங்கே அப்படிப் பெயர் என்று விளக்கினார். அன்று மாலையே எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஈயம் தோண்டிய பள்ளங்கள் மழைநீர் நிறைந்து குளங்களாகக் கிடந்தன. எல்லோரும் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் தண்ணீர்போலத் தெரிவதெல்லாம் தண்ணீர்தான் என்பதை நம்ப எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் முதலில் தனியாகத்தான் மலாயாவுக்கு வந்தார். மூன்று வயது மகள் வள்ளியும் நானும் அவருடைய அக்கா சுப்புத்தாயோடு கோவில்பட்டியில் இருந்தோம். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர் மதினி. சாலையில் போகிற எல்லோரோடும் நின்று பேசுவார். ஒரு சித்திரை மாதத்தில், "வீட்டுக்குள்ளயே கெடந்து வேகுதோம். ஒரு நாள் குருமலை வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்று வண்டி பேசினார். புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஒரு பானை தண்ணீரும் எடுத்துக்கொண்டு விடியலில் கிளம்பினோம். மலையடிவாரத்தில் சாமி கும்பிட்டு, மர நிழலில் சாப்பிட்டு, வள்ளியை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தோம். குறுக்கு வழியில் திரும்பும்போது உச்சிவேளை. பாதிவழியில் கடையாணி முறிந்து சக்கரம் கழன்றது. வண்டி சாய்ந்ததில் பானை உடைந்தது. சித்திரை வெயிலில் கரிசல் நிலம் வாய் பிளந்து கிடந்தது. தண்ணீர் முழுவதும் ஒரு வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. உள்ளே யாரோ மடக்மடக்கென்று குடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மதினிக்கும் கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வண்டிக்காரர் ஆள் கூட்டிவரப் போனார். எங்களுக்கு ஓர் உடைமுள் மரத்தின் கிழிசல் நிழல். கொஞ்ச நேரத்தில் வள்ளிக்கு உதடு வெளுத்து, கண் செருகத் தொடங்கியது. மதினி சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏட்டி செண்பகம், அங்கன தண்ணி மின்னுது பாரு. பிள்ளையப் பாத்துக்க, எடுத்துட்டு வாரேன்."

"அது கானல்லா மதினி! போகாதீய."

அவர் நடந்துவிட்டார். ஒரு மேடு கிடையாது, புதர் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுப்புவரை அந்த மினுமினுப்பில் நனைந்ததுபோலத் தெரிந்தது. பிறகு தலை மட்டும் தெரிந்தது. பிறகு ஆளைக் காணவில்லை. குரல் வற்றுகிறவரை கூப்பிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா, எந்தப் பக்கம் ஓடுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. முன்னால் போனவர் பின்னாலிருந்து வந்தார். சொம்பு நிறையத் தண்ணீர். தொட்டேன், சில்லென்றிருந்தது.

"ஓடை மணல்ல ஒரு பொம்பள ஊத்துத் தோண்டி வச்சிருந்தா. அவதான் மோந்து குடுத்தா. 'செண்பகத்தோட பிள்ளைக்கா?'ன்னு கேட்டா."

"எம் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கேக்கணும்னு நெனைச்சேன். தண்ணியக் குடிச்சதும் மறந்துபோச்சு" என்றார் மதினி.

அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா? வள்ளியின் நாக்கு வெளியே தெரிந்தது. கொடுத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். எனக்கும் தொண்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால் நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மறுவாரம் அந்தப் பெண்ணுக்கென்று ஒரு சேலையும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். ஓடை இருந்தது. ஊற்றும் இல்லை, தோண்டிய தடமும் இல்லை. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், "சித்திரையில இங்கன ஆரு தாயி வருவா? ஆடுகூட இந்தப் பக்கம் பத்த மாட்டோம்" என்றார். மதினி சேலையை மணலில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அங்கே போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு முறை நானும் போய் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். கானலுக்குள் போவார். பிறந்த வீட்டுக்குப் போய்வந்தவர் முகத்தோடு திரும்பி வருவார். "நல்லா இருக்கா" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். எங்களை மலாயாவுக்கு அழைத்தபோது அவருக்கும் சேர்த்தே தம்பி ஏற்பாடு செய்திருந்தார். மதினி வரமாட்டேன் என்றுவிட்டார். "நானும் கப்பலேறிட்டா அவள யாரு பாப்பா?"

இந்த வருடம் கோவில்பட்டி போய்த் திரும்பிய ஜவுளிக்கடை பாய் ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒங்க மதினி வழக்கம்போல வண்டி கட்டிப் போனாவளாம். வண்டிக்காரர் பொழுது சாயுற வரைக்கும் நின்னுருக்காரு. அவிய வரல. நாலு ஊரு சனமும் தேடிட்டாக. சொம்பு மட்டும் ஓடையில இருந்திருக்கு, தண்ணியோட."

"ஏன் ஒரு தந்தி கொடுக்கல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னன்னு குடுப்பாக, அண்ணாச்சி? இருக்காவன்னா? இல்லன்னா?"

அழுகைச் சத்தம் கேட்டு அமினா ஓடிவந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். "சூடா மாத்தி?" என்று என் கையைப் பிடித்தாள். இறந்துவிட்டாரா என்று கேட்கிறாள். தெரியாது என்று சொல்ல நினைத்து, வாயில் வந்த "பெலும்" என்ற சொல்லைச் சொன்னேன். 'இன்னும் இல்லை' என்று அதற்கு அர்த்தம். அமினா என் கையை விட்டுவிட்டாள். இந்த மொழியில் நான் சரியாகச் சொன்ன ஒரே பதில் அதுதானோ என்று இன்றும் தோன்றுகிறது.

ஊரிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொல்லியனுப்பினார்கள். கருமாதி செய்துவிடு என்றார்கள் சிலர். உயிரோடு இருப்பவருக்குச் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள் சிலர். வீட்டில் வள்ளி தினமும், "அத்தை இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டாள். கடைசியில் என் வீட்டுக்காரர், "நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று பினாங்கில் கப்பலுக்குச் சீட்டு எடுத்தார். கடைத்தெருவில் மதினிக்குப் பிடித்த கிளிப்பச்சையில் ஒரு சேலை வாங்கினோம். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது, இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு வெள்ளை வேட்டியும் குடுங்க" என்றார். கருமாதிக்குக் கட்டுவதற்கு.

பெட்டியை நான்தான் அடுக்கினேன். சேலையை மேலே வைத்தேன்; வேட்டி அடியில் காத்துக்கொண்டு கிடப்பதுபோல இருந்தது. வேட்டியை மேலே வைக்க மனம் ஒப்பவில்லை. எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி செண்பகம்" என்றார். அப்படியே வைத்து மூடினேன். இதை எழுதும்போது பச்சைச் சேலையும் வெள்ளை வேட்டியும் ஒரே பெட்டிக்குள் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கின்றன.